ஜீனம்மாவின் ஜனங்கள்

வள்ளிக்கு மூன்று வயது ஆகியும் முடி இறக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும் என்று அவளுடைய அத்தை அம்சா பிடிவாதமாக இருந்தாள். தாய்மாமனோ ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊரில் இருந்தான். நடுவில் கடல் இருந்தது. கடலெங்கும் யுத்தம் இருந்தது.

குழந்தையின் அப்பா டாக்டர் கஜபதி, பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. மேல்படிப்புக்குச் சீமைக்குப் போனவர், அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஜீனைக் கல்யாணம் செய்துகொண்டு, யுத்தத்துக்கு முந்தின வருஷம் ஊர் திரும்பினார். திருத்தணியில் மலையடிவாரத்தில் வைத்தியசாலை வைத்தார். முதல் சில மாதங்கள், இல்லாத வயிற்றுவலியைச் சொல்லிக்கொண்டு வெள்ளைக்காரியைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பிறகு நிஜமான வயிற்றுவலிக்காரர்களும் வந்தார்கள். ஜீன், ஜீனம்மா ஆனாள்.

அவள் தமிழைப் புத்தகத்தில் படிக்கவில்லை. நோயாளிகளிடமும் அம்சாவிடமும் கற்றாள். அதனால் "இன்னாம்மா, ராத்திரில்லாம் இருமிகினு இருந்தியா?" என்றுதான் அவளுக்குக் கேட்க வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகைக்காரி என்று சத்தியம் செய்யலாம்.

நாற்பத்து நாலாம் வருஷ ஐப்பசியில் அந்தச் செய்தி வந்தது. ஜீனின் தம்பி ராபர்ட்டை, விமானம் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக அரக்கோணத்துக்கே அனுப்பியிருந்தார்கள். எங்கெங்கோ போகும் பட்டாளம், அடுத்த ஊரில் வந்து இறங்கியிருந்தது.

"முருகனே கூட்டிகினு வந்துட்டான், அண்ணி!" என்று அம்சா ஜீனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே நாள் பார்க்கக் கிளம்பினாள்.

ராபர்ட் செம்பட்டை முடி, வெயிலில் வெந்த மூக்கு, எப்போதும் சிரிக்கத் தயாரான வாய். குளக்கரையில் மணைப்பலகையில் அவனைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். கால்சட்டைக்கு மேலேயே அம்சா ஒரு புது வேட்டியைச் சுற்றிவிட்டாள். வள்ளி அவன் மடியில் உட்கார்ந்து, கத்தியைக் கண்டதும் ஊரைக் கூட்டினாள். ராபர்ட் அவளுக்கு ஏதோ பாட்டுப் பாடினான். ஆசாரி காதில் ஊசியை வைத்தபோது குழந்தையைவிடப் பெரிதாக அவன் முகம் கோணியது. கண்ணீர் தாரையாய் வழிந்தது.

"மாமனுக்கே அழுவ வந்துடுச்சி பாருங்கடி!" என்று பெண்கள் சிரித்தார்கள். அந்த நொடியிலேயே அவன் ஊருக்குப் பிடித்தவனாகிவிட்டான்.

சீர் என்று அவன் கொண்டுவந்தது, கிழிந்த பாராசூட் துணியில் பட்டாளத்துத் தையல்காரனிடம் தைத்து வாங்கிய கவுன். கஜபதியின் அப்பா ஜம்புலிங்கம் அந்தத் துணியை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "பட்டு இல்ல. பருத்தியும் இல்ல. இன்னா நூலுடா கஜபதி இது?" என்று மகனைக் கேட்டார். கஜபதிக்கும் தெரியவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிப் புதுக் கவுன் போட்டு வள்ளியை நிறுத்தினார்கள். ராபர்ட் அவளைத் தூக்கிச் சுற்றினான். பிறகு அக்காவிடம் இங்கிலீஷில் சொன்னான்:

"நல்லவேளை, ஜீன், இவள் நம்ம பக்கம் சாய்ந்துவிட்டாள். நிறத்தைப் பார். நாளைக்கே கிளாஸ்கோவில் கொண்டுபோய் விட்டாலும் அப்பா யார் என்று ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. தப்பித்தாள்!"

ஜீன் சிரித்தாள். சின்ன வயதிலிருந்து தம்பி என்ன சொன்னாலும் சிரித்தே பழகியவள்.

"இன்னா சொல்லுது அண்ணி, தம்பி?" என்று அம்சா கேட்டாள். தானும் சிரிக்கலாம் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"அதுவா, வள்ளி எங்க பக்கம் மாரி கீறதால..." என்று ஜீன் தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை.

இங்கிலீஷில் அது வழுக்கிக்கொண்டு போன ஒரு வேடிக்கை. தமிழில் சொல்லவேண்டும் என்றால், எதிரில் நிற்கும் அம்சாவின் கறுத்த, சந்தனம் ஒட்டிய கைகளைப் பார்த்துச் சொல்லவேண்டும். பக்கத்தில் வள்ளியின் கவுன் ஓரத்தை இன்னும் தடவிக்கொண்டிருக்கும் மாமனாரை வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். தப்பித்தாள் என்றால், யாரிடமிருந்து தப்பித்தாள் என்று அம்சா கேட்பாள். ஜீனின் முகத்தில் சிரிப்பு மட்டும் மிச்சமாக நின்றது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"புள்ள அவங்க அம்மா ஜாடையாம். சந்தனம் பூசினதும் ரொம்ப அழகா கீறாளாம்" என்றார் கஜபதி.

அம்சாவுக்குச் சந்தோஷம். ஒரு வெல்லக்கட்டியை எடுத்து ராபர்ட்டின் வாயிலேயே போட்டாள்.

தம்பி பேசியதைவிட, புருஷன் அதைச் சமாளித்த வேகம்தான் ஜீனை உலுக்கியது. அவர் யோசிக்கக்கூட இல்லை. தினமும் கட்டுப் போடுகிறவர் கை துணியைத் தேடாமலே எடுப்பதுபோல, அந்தப் பொய் அவர் வாயில் தயாராக இருந்தது.

பிறகு எல்லோரும் மலை ஏறினார்கள். குடும்பம் சன்னதிக்குள் போனது. வேற்று மதத்தாரை உள்ளே விடாததால் ஜீனும் ராபர்ட்டும் வெளிப்பிரகாரத்தோடு நின்றுகொண்டார்கள். அம்சா பாதி தரிசனத்தில் ஓடிவந்து இருவருக்கும் பாய் விரித்து, தொன்னையில் பொங்கல் வைத்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். சாயங்கால ரயிலில் ராபர்ட் முகாமுக்குத் திரும்பினான்.

அவன் போனதும் ஜீன் கேட்டாள். "இன்னாங்க, காலைல நீங்க சமாளிச்சது மொதல் தடவ இல்லியே?"

கஜபதி தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "அத வுடு ஜீன். தங்கமான புள்ள. வாய் தவறி வந்துடுச்சி."

"எவ்ளோ தடவ இப்படி வுட்டுருக்கீங்க?"

அவர் துண்டைத் தேடினார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்சாவுக்குக் காலையில் ராபர்ட் சொன்னது இன்னும் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். அதை வெகுநாளாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அரக்கோணத்துல அந்த தொரசானி வூட்டுக்கு நீங்க டீ குடிக்கப் போறீங்களே, அப்ப அண்ணன் எங்க இருக்குது?"

"பெரியாஸ்பத்திரில அவரு சிநேகிதரப் பாக்கப் போவாரு."

"எந்த சிநேகிதரு? எங்க வூட்டுக்காரரு லுங்கி மூட்டைய எடுத்துகினு அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாத்துகினு வராரு. அந்த வூட்டுக்கு எதுர்க்க தூங்குமூஞ்சி மரம் கீதே, அதுக்கு அடியில பேப்பர் படிச்சிகினு உக்காந்துகினு இருக்குதாம் அண்ணன். நீங்க வெளிய வர்ற வரைக்கும்."

"அம்சா!" என்றார் கஜபதி.

"நான் பொய்யா சொல்றேன்?" என்று அவள் கீரைத் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தத் துரைசானி மிஸஸ் ஹார்ட். ரயில்வே அதிகாரியின் மனைவி. கிளாஸ்கோவில் ஜீன் பிறந்த தெருவுக்கு அடுத்த தெருக்காரி. ஒரே ரொட்டிக்கடையில் இரண்டு பேரும் ரொட்டி வாங்கியிருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் டீ. கஜபதி ரயிலில் கூட வருவார், கேட் வரை நடந்து வருவார், "நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ட்டு வர்றேன்" என்று விடைபெறுவார். மிஸஸ் ஹார்ட், "டாக்டருக்கு எப்போதும் வேலை, பாவம்" என்பாள். இரண்டு மூன்று வருஷமாக இப்படித்தான்.

கேட்கக் கேட்க, கஜபதி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சிநேகிதர் இருந்தது உண்மைதான். ஆனால் முதல் வருஷமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். அப்புறம் கேட் காவல்காரன் ஒரு முக்காலி போடுவான். ஒருநாள் ஹார்ட் துரை வெளியே வந்து, கேட்டண்டை கண்டவர்களும் உட்காரக் கூடாது என்று காவல்காரனைச் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்து மரம்.

"அப்பறமும் என்னக் கூட்டிகினு போனீங்களே! ஏன்?" என்றாள் ஜீன்.

"அந்த வூட்லேர்ந்து வெளிய வர்றப்ப உன் மொகத்த நீ பாத்ததில்ல ஜீன். ஊருக்குப் போய் உங்க அம்மாவப் பாத்துட்டு வந்த மாரி இருப்ப. நான் எவ்ளோ இங்கிலீஷ் பேசினாலும் அந்த ரொட்டிக்கடை எனக்குத் தெரியுமா? அந்த மொகத்துக்கு ஒரு மரத்தடி பெருசா?"

அவள் அழுதாள். அவர் துண்டை நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீன் சொன்னாள்: "உங்களுக்கு அங்க இன்னா வேலைன்னு நான் ஒரு நாளும் கேக்கல. ஏன்னு இப்பதான் புரியுது. கேட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சா போறத நிறுத்தணும்."

கஜபதி அதை மறுக்கவில்லை.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவோம், என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்றாள். குரலில் ஒரு குஷிகூட இருந்தது.

"நான் வரல" என்றார் கஜபதி.

"பயமா?"

"பயம் இல்ல. அந்த வாசப்படில நிக்கப் போறது நானு. அவங்க இன்னா சொன்னாலும் என் மூஞ்சில வுழும். நீ தைரியசாலின்னு பேரெடுக்க நான் போய் நிக்கணுமா?"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாக இருந்தது. அவள் தோளில் கை வைத்தார்.

"அப்ப நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள் ஜீன்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? அவங்க உன் ஜனம். ஒண்ணு மட்டும் சொல்றேன், என் பேர்ல போய் பிச்ச கேக்காத."

அடுத்த முறை ஜீன் தனியாக ரயில் ஏறினாள். மிஸஸ் ஹார்ட் வீட்டில் வழக்கமான ரயில்வே குடும்பங்கள் இருந்தன. ராபர்ட்டும் வந்திருந்தான். மிஸஸ் ஹார்ட் வாசலுக்கே வந்து ஜீனைக் கட்டி முத்தமிட்டாள்.

"கிறிஸ்துமஸ் விருந்துக்குக் குழந்தையைக் கட்டாயம் கூட்டிவர வேண்டும். பார்த்தால் நம்மைப் போலவே இருக்கிறாளாமே, ராபர்ட் சொன்னான்!"

"அவள் அப்பாவையும் கூட்டிவரலாமா?" என்றாள் ஜீன்.

"டாக்டருக்கு அன்றைக்கும் வேலை இருக்குமே, பாவம்."

"அவருக்கு எந்தச் சனிக்கிழமையும் வேலை இருந்ததில்லை, மேரி. எதிர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இந்த ஜன்னலில் நின்றால் தெரியும்."

ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் ஜீனுக்குப் புரிந்தது, அவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று.

"எனக்கு ஒன்றுமே இல்லை, ஜீன்" என்றாள் மிஸஸ் ஹார்ட். "உன் புருஷன் எவ்வளவு கெட்டிக்காரர்! ஆனால் மற்றவர்கள்..."

ஜீன் மற்றவர்களைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மாளைக் கேட்டாள். தனக்கு ஒன்றுமில்லை என்றும், தன் வீட்டுக்காரர்தான் பழைய காலத்து மனுஷர் என்றும் அவள் சொன்னாள். வீட்டுக்காரரைக் கேட்டாள். தனக்கு ஒன்றுமில்லை, பெண்கள்தான் சங்கடப்படுவார்கள் என்றார் அவர். ஹார்ட் துரை, ஒரு டாக்டரை அழைத்தால் நாளைக்குக் கிளார்க்குகளையும் அழைக்க வேண்டிவரும் என்றார். தனக்காகச் சொல்லவில்லை, ஆபீஸுக்காகச் சொல்கிறாராம். கடைசியில் ஜீன் தம்பியைப் பார்த்தாள். ராபர்ட் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மற்றவர்களில் நானும் ஒருத்தி" என்றாள் ஜீன். "இத்தனை நாள் இங்கே உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். இனிமேல் அவரை அழைக்காத இடத்துக்கு நானும் வரமாட்டேன், என் பெண்ணும் வரமாட்டாள். அவர் என்னை அனுப்பவில்லை. இங்கே வரவேண்டும் என்று அவருக்கு ஆசையும் இல்லை. இது நானாகச் சொல்வது."

மிஸஸ் ஹார்ட் அழுதுவிட்டாள். "உன் பிரசவத்துக்கு நான் எப்படி ஓடிவந்தேன்! உன்னைத் தங்கை மாதிரி நினைத்தேனே!"

"தெரியும். எனக்கும் உங்கள்மேல் பிரியம்தான். அதனால்தான் தலைவலி என்று சொல்லி நின்றுவிடாமல் வந்து சொல்கிறேன்."

விறுவிறுவென்று வெளியே வந்தாள். கேட்டுக்கு வந்த பிறகுதான் குடையை விட்டுவிட்டது தெரிந்தது. போய் எடுப்பதா, விட்டுவிடுவதா என்று கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். குடையை எடுத்துக்கொண்டு, ஏனோ "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே வந்தாள்.

ராபர்ட் அவளை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வந்து பிடித்தான். முகம் மூக்கைப்போலவே சிவந்திருந்தது.

"என்னை எல்லோருக்கும் முன்னால் கோமாளி ஆக்கிவிட்டாய். கஜபதியே ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு என்ன?"

"அவர் சொல்லாதது எனக்காக. நீ அதைச் சாக்காக வைத்துக்கொள்கிறாய். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்."

"இவர்கள் கோயிலில் நம்மை உள்ளே விட்டார்களா? நான் ஏதாவது கேட்டேனா?"

ஜீன் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "விடவில்லை. அதுவும் சரி என்று நான் சொல்லமாட்டேன். அந்த வாசலில் இந்த ஊர்க்காரர்களிலேயே பலரை எத்தனையோ காலம் நிறுத்திவைத்திருந்தார்கள். அதைக் கேட்கவேண்டிய சண்டையை அம்சாவும் அவள் அண்ணனும் போடட்டும். ஆனால் ராபி, நீ அங்கே நின்றது அரைமணி நேரம். உனக்குப் பாய் விரித்தார்கள், பொங்கல் கொடுத்தார்கள். மலையை விட்டு இறங்கினால் ரயில், கோர்ட்டுக் கச்சேரி, பட்டாளம் எல்லாம் நம்முடையது. அவர் மரத்தடியை விட்டு எழுந்து எங்கே போவார்? அது அவர் ஊர்."

ராபர்ட் ரயில் வருகிற திசையைப் பார்த்தான்.

"வள்ளி தப்பித்தாள் என்றாயே. யாரிடமிருந்து?"

"அது வெறும் வேடிக்கை, ஜீன்."

"அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாயே, அதுவும் வேடிக்கையா?"

ரயில் வந்தது. அவன் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டான். ஆனால் கையசைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்து போனது. ராபர்ட் வரவில்லை. "தாய்மாமன் இருந்தும் இல்லாத மாரி ஆய்டுச்சே" என்று அம்சா புலம்பினாள். அன்றைக்குக் குளக்கரையில் அவன் என்ன சொன்னான் என்பதை ஜீன் ஒருநாள் அவளிடம் முழுதாகச் சொன்னாள். அம்சா வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வரட்டும், ரெண்டு குடுத்துட்டு சோறு போடறேன்" என்றாள்.

சனிக்கிழமைகளில் ஜீன் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கஜபதி கவனித்தார். "உனக்கு இருந்தது அந்த ஒரு எடம். அதையும் வுட்டுட்டியே. நான் உன்னக் கேக்கலியே" என்றார்.

"நீங்க கேக்கல. கேட்டிருந்தா உடனே வுட்டுருப்பேனான்னு எனக்கே தெரியல. அதான் கஷ்டமா கீது" என்றாள் அவள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

பொங்கலன்று காலை, தோளில் ஒரு கட்டுக் கரும்போடு ராபர்ட் வந்து நின்றான். அம்சா சொன்னபடி முதுகில் இரண்டு வைத்தாள். எதற்கு என்று அவனுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வாங்கிக்கொண்டான். பிறகு நேராக வைத்தியசாலை அறைக்குள் போய், கஜபதி முன்னால் உட்கார்ந்தான். ஜீனும் வந்து நின்றாள்.

முகாமில் கட்டிலுக்கு மேலே வள்ளியின் மொட்டைத்தலைப் படத்தை ஒட்டி வைத்திருந்தானாம். ஒருத்தன் அதைப் பார்த்து ஏதோ சொன்னானாம். என்ன சொன்னான் என்று ராபர்ட் சொல்லவில்லை.

"பழக்கத்தில் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் என் அக்கா பெண், இப்படிப் பேசாதே என்றேன். இப்போது சாப்பாட்டு மேஜையில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை." அவன் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தான். "அன்றைக்குக் குளக்கரையில் நான் சொன்னதும் அதே பேச்சுதான். உங்களுக்குக் கேட்டிருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள், கஜபதி."

கஜபதி வாயைத் திறந்தார். ஒன்றுமில்லை, விடு என்று சொல்லத்தான் திறந்தார் என்பது ஜீனுக்குத் தெரிந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

அவர் கொஞ்சம் நிறுத்தி, பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "கேட்டது, ராபர்ட். ரொம்ப வலித்தது. என் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து உன் துணியைப் பாராட்டிக்கொண்டிருந்தார்."

ராபர்ட் தலையை நிமிர்த்தவில்லை. கஜபதி எழுந்து அவன் தோளைத் தட்டினார்.

"சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிட்டேன். சாப்பாடு ஆகட்டும், அப்பா உன்னைத் தறி பார்க்கக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்."

"அந்த மேஜைக்காரர்களிடம் நான் இனிமேல் என்ன பேசவேண்டும்? நீங்களே சொல்லுங்கள்" என்றான் ராபர்ட்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவர்களை எனக்குத் தெரியாது. உன் அக்கா இருக்கிறாள், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள்."

அக்காவும் தம்பியும் கொல்லைப்புறம் போனார்கள். கஜபதி ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். பண்டிகை நாளிலும் பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லம்மாள் என்கிற பெண் ஜுரத்தோடு முக்காட்டைப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கொல்லையிலிருந்து குரல்கள் உயர்ந்தன. கிளாஸ்கோ தெருப் பேச்சு. கஜபதிக்குப் பாதிதான் புரிந்தது. ஜீன் ஏதோ அடித்துச் சொன்னாள், ராபர்ட் எதிர்த்துக் கத்தினான், இடையில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள், மறுபடி கத்தினார்கள்.

"இன்னா டாக்டரே, வூட்ல சண்டையா?" என்றாள் எல்லம்மாள்.

"ஆங், சண்டதான்" என்றார் கஜபதி, முகம் மலர. "நல்லா போடட்டும். நீ நாக்க நீட்டு."